பிள்ளையின் நிறை கூடினால்: கொழும்பில் எங்கே தொடங்குவது, யாரைக் கேட்பது

என் மகன் தரம் 4இல் படித்தபோது பாடசாலையில் பிள்ளைகளின் நிறை பார்த்தார்கள். வகுப்பு முழுவதும் வரிசையில் நிற்க, ஒவ்வொருவருடைய நிறையும் உரக்க வாசிக்கப்பட்டதாம். அன்று மாலை குளிக்கப் போனவன் பெனியனைக் கழற்றாமலே குளித்தான். ஏன் என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை. அதன் பிறகும் ஒரு வருடம் நாங்கள் எதுவும் செய்யவில்லை. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று அம்மம்மா சொன்னார், அயலவர் சொன்னார்கள், நாங்களும் சொல்லிக்கொண்டோம்.

அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. அதே இடத்தில் இப்போது நிற்கும் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன். கொழும்பில் வழி இருக்கிறது. அரச வைத்தியசாலைகளில் அது இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் சிறுவர் வைத்தியர், போசணை ஆலோசகர், உளவளத்துணையாளர், இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஆகிய எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து உங்கள் பிள்ளைக்காகக் காத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஒருவர் ஓரிடத்தில் இருப்பார், மற்றவர் வேறோரிடத்தில் இருப்பார். அவர்களை ஒன்றாக இணைக்கும் வேலை பெரும்பாலும் பெற்றோரின் கையில்தான் விழுகிறது. அதை எப்படிச் செய்வது என்பதே இந்தக் கட்டுரை.

முதலில், சரியாக அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கொழுகொழுவென்று இருப்பதே ஆரோக்கியம் என்று பழகிய கண் நம்முடையது.

பிள்ளையைச் சப்பாத்து இல்லாமல் சுவரோடு நிறுத்தி உயரத்தை அளந்துகொள்ளுங்கள். நிறையைக் காலையில், மெல்லிய உடுப்போடு பாருங்கள். பிறகு நிறையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, நிறையை உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். பத்து வயது நிறைந்தபோது என் மகன் 138 சென்ரிமீற்றர், 45 கிலோ. 45ஐ 1.38ஆல் இரு தடவை வகுத்தால் 23.6 வரும். உடற்திணிவுச் சுட்டெண் என்பது இதுதான்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறோம். மருந்தகச் சுவரில் தொங்கும் அட்டவணையைப் பார்த்தால், 25க்குக் கீழே இருப்பதால் 23.6 ‘சாதாரணம்’ என்று இருக்கும். அந்த அட்டவணை பெரியவர்களுக்கு உரியது. பிள்ளைகளுக்கு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் பார்த்தே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட, 5 முதல் 19 வயது வரைக்குமான வளர்ச்சி அட்டவணையில், பத்து வயது ஆண்பிள்ளைக்கு 18.5ஐத் தாண்டினால் அதிக நிறை, 21.4ஐத் தாண்டினால் உடற்பருமன். பெண்பிள்ளைக்கு அந்த எண்கள் 19.0, 22.6. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அளவுகோலே வேறு. அதை வைத்தியரோ குடும்பநல உத்தியோகத்தரோ பார்க்கட்டும்.

வீட்டில் செய்யக்கூடிய இன்னொரு சோதனைக்கு ஒரு நூல் போதும். பிள்ளையின் உயரத்துக்குச் சமமாக நூலை வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். இரு நுனியும் சேராவிட்டால் வயிற்றுப் பகுதியில் கொழுப்புக் கூடியிருக்கிறது என்று பொருள். தெற்காசியப் பிள்ளைகளுக்கு இது முக்கியம். எங்கள் பிள்ளைகள் பார்வைக்கு மெலிவாக இருந்தாலும் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருப்பதுண்டு.

பின்கழுத்தையும் அக்குளையும் பாருங்கள். தோல் கறுத்து, வெல்வெட் துணிபோலத் தடித்திருக்கிறதா? அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிய தாய்மாரை எனக்குத் தெரியும். அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் உடல் திணறுவதன் அடையாளமாக அது பெரும்பாலும் இருக்கும்.

சில அறிகுறிகள் கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாதவை. தூக்கத்தில் பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது. அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், கூடவே திடீரென நிறை குறைவது. இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டி நடப்பது. கடும் தலைவலியும் பார்வை மங்கலும். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நிறை ஏறுகிறது, ஆனால் உயரம் கூடாமல் நின்றுவிட்டது என்றாலும் தாமதிக்க வேண்டாம். தைரொயிட் போன்ற ஹோர்மோன் குறைபாடுகள் காரணமாக இருக்கும்போது பிள்ளை வயதுக்கேற்ற உயரம் வளராமல் இருப்பது வழக்கம். நல்ல உயரத்தோடு பருத்திருக்கும் பிள்ளைக்கு அத்தகைய நோய் இருப்பது அரிது. "எல்லாம் தைரொயிட்தான்" என்று நாமே முடிவு கட்டிவிடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

யாருடைய கதவைத் தட்டுவது

மிக அருகில் இருக்கும் கதவு சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகம். கொழும்பு நகரத்துக்குள் மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம் இதைப் பார்க்கிறது. தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடப்பதும் இவர்கள் வழியாகத்தான். அந்தப் பரிசோதனையில் உங்கள் பிள்ளைக்குக் குறிப்பு எழுதித் தந்திருந்தால் அதை மேசை லாச்சியில் போட்டுவிடாதீர்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது அதுவே உங்கள் பரிந்துரைக் கடிதம்.

இரண்டாவது, உங்கள் குடும்ப வைத்தியர். அவரிடம் "நிறையைக் குறைக்க ஏதாவது தாருங்கள்" என்று கேட்காதீர்கள். "சிறுவர் நோய் வைத்திய நிபுணருக்குக் கடிதம் தாருங்கள்" என்று கேளுங்கள். கேள்வி மாறினால் கிடைப்பதும் மாறும்.

மூன்றாவது, வைத்தியசாலை. பொரளையில் இருக்கும் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை பிள்ளைகளுக்கென்றே உள்ள அரச போதனா வைத்தியசாலை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் சிறுவர் மருத்துவப் பிரிவு அங்கே உடற்பருமனுக்கென்று கிளினிக் நடத்தி வந்திருக்கிறது. தெகிவளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் களுபோவிலை போதனா வைத்தியசாலை கிட்ட. வத்தளை, ஜா-எலப் பக்கத்தவர்களுக்கு ராகமை. எங்கே போனாலும் கிளினிக் எந்த நாள், எத்தனை மணிக்கு இலக்கம் கொடுப்பார்கள், எந்த வயது வரை பார்ப்பார்கள் என்று முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இவை மாறக்கூடியவை, அயலவர் சொன்ன நாளை நம்பிப் போய்த் திரும்பி வர வேண்டாம்.

தனியார் வைத்தியசாலைக்குப் போக வசதி இருந்தால் போகலாம், தவறில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நிபுணரிடம் போகாதீர்கள். வருடக்கணக்காகத் தொடர வேண்டிய விஷயம் இது. ஒரே வைத்தியர் பிள்ளையைத் தொடர்ந்து பார்ப்பதன் பெறுமதியை வேறெதுவும் ஈடு செய்யாது.

ஒரு கொப்பி வாங்குங்கள்

எண்பது பக்கக் கொப்பி போதும். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியது அந்தக் கொப்பிதான் என்று சொன்னால் மிகையாகாது. போசணை ஆலோசகர் சொன்னது இயன்மருத்துவருக்குத் தெரியாது. வைத்தியர் எழுதிய இரத்தப் பரிசோதனை அடுத்தவருக்குத் தெரியாது. கொப்பி ஒன்று இருந்தால் எல்லோரும் ஒரே பக்கத்தைப் பார்ப்பார்கள்.

முதல் பக்கத்தில் பிறப்பு நிறை, பிறந்த மாதம், தாய்க்குக் கர்ப்பகாலத்தில் நீரிழிவு இருந்ததா, குடும்பத்தில் யாருக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் என்று எழுதுங்கள். பிறந்தபோது தந்த சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொப்பியோடு வையுங்கள். எந்த வயதில் நிறை ஏறத் தொடங்கியது என்பதை வைத்தியர் அதிலிருந்து நொடியில் கண்டுகொள்வார். எங்கள் மகனுக்கு அது தரம் 3இன் இறுதி. புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்புகள் தொடங்கிய காலம்! மாலை விளையாட்டு நின்றது, இரவுத் தூக்கம் குறைந்தது, வகுப்பு முடிந்து வான் வண்டியில் ஏறுமுன் ஒரு றோல்ஸும் ஒரு பக்கெட் பாலும் வழக்கமாகியது. பதிவேட்டில் கோடு அங்கேதான் மேலே திரும்பியிருந்தது.

இரண்டாவது பக்கத்தில், போவதற்கு முந்திய ஏழு நாட்களும் பிள்ளை சாப்பிட்டது, குடித்தது, தூங்கிய நேரம், திரை பார்த்த நேரம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வைத்தியர் முன் நல்ல பெயர் வாங்குவதற்காக எழுதினால் பயன் இல்லை. தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி என்பது வரை எழுத வேண்டும். குரும்பட்டி போலச் சின்னச் சின்னதாகத் தெரிபவைதான் கூட்டிப் பார்த்தால் பெரிதாக வரும்.

கிளினிக் நாள்

வேளைக்கே போங்கள். இரத்தம் எடுப்பதாக இருந்தால் வெறும் வயிற்றோடு வரச் சொல்லுவார்கள். தண்ணீர் மட்டும் குடிக்கலாமா என்று முன்பே கேளுங்கள். எடுத்து முடிந்ததும் கொடுக்க இடியப்பமோ அவித்த கடலையோ கட்டிக்கொண்டு போங்கள். பசியோடு நிற்கும் பிள்ளையைக் கன்ரீன் பணிஸிடமிருந்து காப்பாற்ற முடியாது.

வழக்கமாகப் பார்ப்பவை இரத்த அழுத்தம், வெறுவயிற்று இரத்தச் சீனி, கொழுப்பு அளவுகள், ஈரலின் நொதியங்கள். ஈரலில் கொழுப்பு ஏறியிருக்கிறதா என்று ஸ்கேனும் செய்யக்கூடும். பெண்பிள்ளை பெரிய பிள்ளையாகியிருந்தால் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்பார்கள்; வெட்கப்பட வேண்டாம், திகதிகளை எழுதிக்கொண்டு போங்கள்.

மொழி குறித்து ஒரு வார்த்தை. தமிழில் பேசக்கூடிய உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். இல்லாவிட்டால் சிங்களம் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். எங்களுக்கு ஒரு தடவை அப்படி நேர்ந்தது. தன் உடம்பைப் பற்றி வைத்தியர் சொன்ன ஒவ்வொன்றையும் தன் வாயாலேயே அம்மாவுக்குச் சொல்ல வேண்டிவந்த அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு மறக்காது.

நிறை பார்க்கும்போது எண்ணை உரக்கச் சொல்ல வேண்டாம், கொப்பியில் எழுதித் தாருங்கள் என்று தாதியிடம் மெதுவாகச் சொல்லலாம். நான் கேட்டபோது ஒருவரும் மறுத்ததில்லை.

குழுவில் யார் யார், ஏன்

இங்கிலாந்தில் 2021 முதல், கடும் உடற்பருமன் உள்ள பிள்ளைகளுக்கென்று அரச சுகாதார சேவை தனிக் கிளினிக்குகளைத் தொடங்கியது. சிறுவர் வைத்தியர், தாதி, போசணை நிபுணர், உளவியலாளர், சமூக சேவையாளர் எல்லோரும் ஒரே குழுவாகப் பார்ப்பார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2023இல் தந்த வழிகாட்டலில் இன்னும் தெளிவான ஓர் எண் இருக்கிறது. 3 முதல் 12 மாதங்களுக்குள் குறைந்தது 26 மணித்தியாலம் பிள்ளையோடும் குடும்பத்தோடும் நேரில் வேலை செய்ய வேண்டும் என்கிறது அது.

மாதம் ஒரு தடவை, கால் மணி நேரம் கிளினிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு மூன்று மணித்தியாலம். மீதி 23 மணித்தியாலத்தை எங்கிருந்து எடுப்பது? இதைக் கேட்டுக்கொண்டால்தான் குழு ஏன் தேவை என்பது விளங்கும். எனவே முதல் சந்திப்பிலேயே வைத்தியரிடம் மூன்று பெயர்களைக் கேளுங்கள்: போசணைக்கு யார், உடற்பயிற்சிக்கு யார், மனதுக்கு யார். ஒவ்வொருவருக்கும் கடிதம் வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.

போசணை ஆலோசகரிடம் போகும்போது சமைப்பவர் போக வேண்டும். எங்கள் வீட்டில் சமைப்பவர் அம்மம்மா. நான் போய்க் கேட்டுவந்து அவருக்குச் சொன்னதெல்லாம் வீண். மூன்றாவது தடவை அவரையே கூட்டிப் போனேன். ஆலோசகர் இடியப்பத்தை நிறுத்தச் சொல்லவில்லை, சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. தட்டில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால்பங்குக்குச் சோறு, கால்பங்குக்கு மீனோ முட்டையோ பருப்போ என்று கையால் கோடு போட்டுக் காட்டினார். "இவ்வளவுதானா? இது நான் செய்யக்கூடியது" என்றார் அம்மம்மா. அன்றிலிருந்து வீட்டில் சண்டை குறைந்தது.

இயன்மருத்துவர் எதற்கு என்று நானும் நினைத்தேன். பருத்த பிள்ளைக்கு முழங்காலும் பாதமும் வலிக்கும், வலிப்பதால் ஓடாது, ஓடாததைச் சோம்பல் என்று நாம் திட்டுவோம். வலியைப் பார்த்து, எந்த விளையாட்டு ஏற்றது என்று அவர் சொல்லுவார். எங்கள் மகனுக்கு நீச்சலும் நடையும்.

மனதுக்கான உதவியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ‘குண்டா’, ‘பூசணி’ என்ற பட்டப்பெயர்களோடு நாள் முழுவதும் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு மாலையில் ஒரு பொதி பிஸ்கட்தான் ஆறுதல். ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறதா, சாப்பிட்ட பின் வாந்தி எடுக்க முயல்கிறதா, தனியே அழுகிறதா என்று கவனியுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலும் அன்றே உதவி தேடுங்கள்; தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது

பிள்ளைக்கு மட்டும் தனிச் சாப்பாடு போடாதீர்கள். தம்பிக்கு ஐஸ்கிரீம், அண்ணனுக்கு வெள்ளரிக்காய் என்றால் அது சிகிச்சை ஆகாது, தண்டனை. வீட்டுக்குள் வாங்கி வைக்கும் பொருள் மாற வேண்டும். எல்லோருக்கும் மாற வேண்டும்.

முதலில் குடிப்பதில் கை வையுங்கள், அதுதான் இலகுவானது. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி உள்ள சோடா என்றால் 500 மில்லிப் போத்தல் ஒன்றில் 50 கிராம், ஏறத்தாழப் பத்துத் தேக்கரண்டி. இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானங்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறி போட வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. அதைப் பார்க்கப் பிள்ளைக்கே பழக்குங்கள். கடையில் போத்தலைத் திருப்பி நிறம் தேடுவது என் மகனுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. மாவு கலந்த சத்துப் பானங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவற்றிலும் சீனி இருக்கிறது, அதன்மேல் நாமும் இரண்டு கரண்டி போடுகிறோம். எங்கள் வீட்டில் தேநீர்ச் சீனியை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றரை, ஒன்று, அரை என்று இரண்டு மாதத்தில் இறக்கினோம். ஒருவரும் பட்டினி கிடந்த உணர்வு வரவில்லை.

காலையில் பாணும் மார்ஜரினும் என்பதற்குப் பதிலாக இலைக்கஞ்சி, குரக்கன் பிட்டு, அவித்த முட்டை, கௌபி. இடைவேளைப் பெட்டியில் கடலை, வாழைப்பழம், கொய்யா. வல்லாரைச் சம்பல் மலிவு, அதைவிட நல்ல துணைக்கறி கிடைப்பது அரிது. வெள்ளிக்கிழமை இரவு கொத்து வேண்டுமென்றால் மாதம் ஒரு தடவை, ஒரு பார்சலை இருவர் பகிர்ந்து, மரக்கறி கூட்டிப் போடச் சொல்லி வாங்குங்கள். ஒரேயடியாகத் தடை போட்ட வீடுகளில் பிள்ளைகள் ரியூசன் வாசலில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

அசைவுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 முதல் 17 வயதுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் முற்றம் ஏது என்று கேட்பீர்கள். மரைன் டிரைவ் இருக்கிறது, விகாரமகாதேவிப் பூங்கா இருக்கிறது, சுதந்திர சதுக்கத்து நடைபாதை இருக்கிறது, காலிமுகத்திடலில் பட்டம் விடலாம். 60 நிமிடத்தையும் ஒரே தடவையில் முடிக்கத் தேவையில்லை. வகுப்புக்கு ஓட்டோவை ஒரு தரிப்பிடம் முன்பே நிறுத்தி இறங்கி நடந்தால் அதில் கால் மணி நேரம் வந்துவிடும். ஆனால் கூட நடங்கள். பிள்ளையை மட்டும் ஓடவிட்டுக் கரையில் உட்கார்ந்து கைத்தொலைபேசி பார்த்தால் மூன்றாம் நாள் அது வராது.

தூக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியாலம் தேவை. பதின்ம வயதுக்கு 8 முதல் 10. தூக்கம் குறைந்தால் பசி கூடும். இரவு ஒன்பதரை வரை வகுப்பு வைத்து, காலை ஐந்துக்கு எழுப்பும் வாழ்க்கையில் எந்தப் போசணைத் திட்டமும் நிலைக்காது. இரண்டு வகுப்பை நிறுத்தினோம். அதற்கு உறவினர்களிடம் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை.

பாடசாலைக் கன்ரீனில் என்ன விற்கலாம், விற்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. உங்கள் பாடசாலையில் அது காற்றில் பறந்தால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கேளுங்கள், நாலு பெற்றோராகச் சேர்ந்து கேளுங்கள்.

மெலிவு மாவு, மூலிகைக் குளிசை, ஒரு வேளை உணவுக்குப் பதிலான பானம் ஆகியவற்றை வளரும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். நிறை குறைக்கும் ஊசிகளில் சில அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. அவை சிறுவர் ஹோர்மோன் நிபுணர் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டிய மருந்துகள். மருந்தகத்தில் நாமாகக் கேட்டு வாங்குபவை இல்லை.

எவ்வளவு காலம்

நிறை குறையவில்லையே என்று இரண்டாம் மாதம் மனம் சோர்ந்தோம். அப்போது வைத்தியர் ஒரு கணக்கைக் காட்டினார். வளரும் பிள்ளைக்குப் பல நேரம் நிறை குறையத் தேவையில்லை. உயரம் ஏற ஏற நிறை ஏறாமல் பிடித்திருந்தாலே போதும். ஒரு வருடம் கழித்து, பதினொரு வயதில், மகன் 144 சென்ரிமீற்றர், 46 கிலோ. ஒரு கிலோ கூடியிருந்தான். ஆனால் சுட்டெண் 23.6இலிருந்து 22.2க்கு இறங்கியிருந்தது. அந்த வயதுக்கு உடற்பருமனின் எல்லை 22.5. நிறை மிகவும் கூடிய பிள்ளைகளுக்கும், வளர்ந்து முடியும் தறுவாயில் இருப்பவர்களுக்கும் இலக்கு வேறாக இருக்கும். அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் தினமும் தராசில் ஏற்றாதீர்கள். மாதம் ஒரு தடவை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கொப்பியில் எழுதினால் போதும்.

கிளினிக் திகதி ஒன்று தவறிப்போனால், சோதனை, காய்ச்சல், ஊருக்குப் போனது என்று காரணம் எதுவாக இருந்தாலும், "இனி எந்த முகத்தோடு போவது" என்று நின்றுவிடாதீர்கள். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போய், இலக்கம் கொடுக்கும் இடத்தில் "போன தடவை வரமுடியவில்லை, புதுத் திகதி தாருங்கள்" என்று சொல்லுங்கள். நான் இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் திகதி கிடைத்தது.